மோனைக்கு மாட்டிக்கொண்ட மேகலா

"இந்தப் பாட்ட இன்னும் எத்தினி வாட்டிம்மா போடுவீங்க?"

பாதி வண்ணம் அடித்திருந்த கண்காட்சிக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு அந்த அம்மாள் இப்படிக் கேட்டபோது நான் ஏணியின் மேல்படியில் இருந்தேன். கீழே, நீளவாக்கில் இரண்டாக அறுத்து வைத்திருந்த பழைய கம்பெனி பஸ்ஸுக்குள் ஸ்பீக்கர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒரே பாட்டு.

*ஆறு மணி பஸ்ஸுல*
*அஞ்சாவது சீட்டு*
*மாதனூரு மேகலா – உன்*
*மனசுக்கின்னா பூட்டு?*

எதிர் டீக்கடைக்காரர் ஏற்கெனவே வந்து சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். இவரும் அக்கம்பக்கத்து ஆள்தான் என்று நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு நாள்தாம்மா. டெஸ்டிங் நடக்குது. சவுண்டக் கம்மி பண்ணச் சொல்றேன்."

"கம்மி பண்ணா போதாது. நிறுத்தணும்."

"நீங்க எந்த வீடும்மா?"

"வூடு ஒடுகத்தூர் பக்கம். பொறந்தது மாதனூர்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் மேகலா."

நான் இறங்குவதற்குள் தனசேகர் முந்திக்கொண்டார். எங்களுக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளையின் செயலாளர். முகமெல்லாம் பல். "அய்யோ, அந்த மேகலாவா! மேடம், தொறப்பு விழா அன்னிக்கி இவங்கள அந்த அஞ்சாவது சீட்லயே உக்கார வெச்சிடலாம்!" என்று கூவியபடி செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனார்.

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். தனசேகர் போனை இறக்கிவிட்டார். அந்த மனிதர் எதற்காகவும் போனை இறக்கி நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

சுவரெல்லாம் ஓடணும்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகங்களுக்குள் எது எங்கே இருக்க வேண்டும், எந்த வெளிச்சம் எதன்மேல் விழ வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. வெளியே இருந்து பார்த்தால் அழகான வேலை. உள்ளே வந்தால் முழுக்கப் பேஜார்.

தனசேகர் ஒருமுறை பெங்களூர் போயிருந்தபோது ஏதோ ஒரு கண்காட்சிக்குள் நுழைந்துவிட்டார். நான்கு சுவரிலும் வெளிச்சத்தால் பூக்கள் மலர்ந்து, தரையில் ஆறு ஓடியதாம். ஆம்பூருக்குத் திரும்பியவர் என்னைக் கூப்பிட்டு, "நம்ம கவிஞருக்கும் இதே மாரி பண்ணணும் மேடம். இம்மர்சிவ்! சுவரெல்லாம் ஓடணும்" என்றார்.

"எது ஓடணும் சார்?"

"எதுனா ஓடணும்."

அந்த 'எதுனா'வை வைத்துக்கொண்டுதான் ஒரு வருடம் மாரடித்தேன்.

இடம், ஆம்பூரிலிருந்து மாதனூர் போகும் வழியில் ஒரு ஷூ கம்பெனியின் பழைய சரக்குக் கிடங்கு. முதல் அறையில் மணலைப் பரப்பி, அதன்மேல் கவிஞரின் வரிகள் வெளிச்சமாக ஓடும்படி செய்தேன். இரண்டாவது அறையில் அவருடைய தேர்தல் பாட்டுகள். எல்லாக் கட்சிக்கும் எழுதியவர். எதிரெதிர் ஸ்பீக்கரில் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும். மூன்றாவதில் கிறிஸ்துமஸ் பாட்டும் மாரியம்மன் தாலாட்டும். கடைசியில் பஸ்: ஏறி உட்கார்ந்தால் ஜன்னல்களில் சாலை ஓடும், அந்தப் பாட்டு ஒலிக்கும்.

வெள்ளோட்டம் பார்க்கக் கம்பெனித் தொழிலாளர்களைக் கூட்டி வந்தபோது, இருட்டறையைக் கண்டதும் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்கள். ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிறவர்கள் வெறுங்காலோடு என் மணலில் இறங்கி, "சாமி எங்கம்மா?" என்று கேட்டார்கள். வெளியே வந்து செருப்பு மாறிப்போய் அடித்துக்கொண்டார்கள்.

எனக்குக் குரல் பெரிது. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டில் பிறந்தவள் நான். கூடத்தில் நாலு பவர்லூம் ஓடும். சோறு வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிறேன் என்று எல்லோரும் நினைப்பார்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் அவர்கள் நினைத்தது சரி.

ஒரு சீர் தட்டுதும்மா

கவிஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவிஞர் மணலாறன். சொந்தப் பெயர் கோதண்டம், ஊர் அணைக்கட்டு. ஷூ கம்பெனியில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதியவர். ஆர்க்கெஸ்ட்ரா மேடைகளிலும் கேசட்டுகளிலும் அந்தப் பாட்டுகள் வேலூர் வட்டாரம் முழுக்கப் பரவின. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியில் இருக்கிறார்.

இருக்கிறார் என்பதுதான் என் பிரச்சினை. இதற்கு முன் நான் கண்காட்சி வைத்த கவிஞர்கள் எல்லோரும் காலமானவர்கள். குறுக்கே பேச மாட்டார்கள். இவரோ தினம் காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்துவிடுவார். சுவரில் ஒட்டிய வரியை விரல் வைத்துப் படிப்பார். "இங்க ஒரு சீர் தட்டுதும்மா" என்பார்.

"ஐயா, இது நீங்க எழுதினதுதானே? கேசட்ல இப்பிடித்தான் இருக்கு."

"அப்ப தட்டுச்சு. இப்பதான் கண்ல படுது."

கிழித்து, திருத்தி, மறுபடி அச்சடித்து ஒட்டுவோம். மறுநாள் வந்து, "பழசே தேவலையோ?" என்பார்.

பஸ் பாட்டை மட்டும் அவர் தொடவில்லை. அதுதான் அவருடைய பெரிய வெற்றி. 'மேகலா யார்?' என்று யார் கேட்டாலும், "கற்பனைம்மா, கவிஞனோட கற்பனை" என்று சிரிப்பார். நானும் அதை நம்பி, 'கவிஞரின் கற்பனை நாயகி' என்று பெரிய எழுத்தில் பஸ்ஸுக்கு வெளியே எழுதி வைத்திருந்தேன்.

அந்த எழுத்துக்கு நேர் கீழேதான், ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, கற்பனை நாயகி உட்கார்ந்திருந்தார்.

மேகலா சொன்னது

"மொதல்ல எனக்கும் புடிச்சுதாம்மா இருந்திச்சு" என்றார். "பாட்டுல பேரு வந்தா யாருக்குப் புடிக்காது? தையல் செக்‌ஷன்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, நானும் சிரிப்பேன். சரணம் வந்த பெறகுதான் வயிறு எரிஞ்சிச்சு."

அந்தச் சரணம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்:

*வலது காலு ஷூவுக்கெல்லாம்*
*எடது காலு ஜோடி*
*மேகலாவுக்கு ஜோடி எங்கே*
*மாதனூரே தேடி!*

மாதனூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களில் மேகலா என்ற பெயர் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. ஏறும்போது டிரைவரே ஆரம்பித்துவிடுவாராம். பெண் பார்க்க வந்தவர்கள், 'அந்த மேகலாவா?' என்று கேட்டுவிட்டுக் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அப்படி ஒரு வீடு இல்லை, இரண்டு மூன்று வீடு. பாட்டு பொய் சொல்லவில்லை என்று ஊர் சொன்னது. ஜோடி கிடைக்கத்தான் இல்லையே!

கம்பெனியை விட்டு நின்றார். ஷூவின் மேல்பாகம் தைக்கிற மெஷினில் நல்ல கை என்று பெயர் வாங்கியிருந்தவர். சூப்பர்வைசர் ஆகியிருக்க வேண்டியவர்.

"அப்புறந்தான் ஒடுகத்தூர்ல குடுத்தாங்க. வேர்க்கடலை போடுற குடும்பம். வூட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். பாட்டு காதுல வுழாததாலதான் கட்டிகினாருன்னு இன்னிக்கும் சிரிப்பாங்க."

சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு பாடினார்கள். மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்த ஆர்க்கெஸ்ட்ரா, விவரம் தெரியாமல் அதே பாட்டை எடுத்தது. சம்பந்திகள் எழுந்து ஆடினார்கள். இவர் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"ஊத்திகினே இருந்தேன். ஒரு எல வழிஞ்சு கீழ ஓடிச்சு. அப்பதான் பாத்தேன்."

"இப்ப நாங்க இன்னா பண்ணணும்க்கா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"பாட்ட நிறுத்து. முடியலன்னா அந்த ஆளக் கூப்புடு. ஒன்னே ஒன்னு கேக்கணும். நான் அவருக்கு இன்னா கெடுதல் பண்ணேன்? சீட்டு குடுக்கலியா? மொறச்சுப் பாத்தேனா? எதுக்கு எம்மேல பாட்டுக் கட்டினாரு? படுத்தா இதுதாம்மா ஓடுது. இத்தினி வருசமா."

பீப்

அன்று மாலையே தனசேகரிடம் சொன்னேன், பாட்டை எடுத்துவிடலாம் என்று.

"மேடம், ஜனங்க வர்றதே இந்தப் பாட்டுக்குத்தான்."

"அப்ப பஸ்ஸத் திருப்பி அனுப்பிட்றேன்."

"பாதி பஸ்ஸ எங்க மேடம் அனுப்புவீங்க?"

அந்த ஆளிடம் நான் தோற்ற இடங்களில் இது ஒன்று.

மறுநாள் புது யோசனையோடு வந்தார். பெயர் வருகிற இடத்தில் மட்டும் பீப் சத்தம் போட்டுவிடலாம். "டிவில போட்றாங்க இல்ல?"

போட்டுப் பார்த்தோம். *மாதனூரு பீப் – உன் மனசுக்கின்னா பூட்டு.* கேட்ட எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்ன கெட்ட வார்த்தை அது என்று டீக்கடைக்காரர் ரகசியமாக வந்து விசாரித்தார். பெயரோடு இருந்தபோது கிண்டலாக இருந்தது, பீப் போட்டதும் ஆபாசமாகிவிட்டது. மேகலாவுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது.

கவிஞரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "கற்பனைம்மா" என்றார்.

"ஐயா, உங்க கற்பனை நேத்து வந்து பெயிண்ட் டின்னு மேல உக்காந்து நியாயம் கேட்டுட்டுப் போச்சு."

நான் கத்தியிருக்க வேண்டும். வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ்ஸுக்குள் மூன்று பேர்

இரண்டு நாள் கழித்து இருவரையும் வரவழைத்தேன். கூடத்தில் வேறு நாற்காலி இல்லாததால் பாதி பஸ்ஸுக்குள்தான் உட்கார்ந்தோம். மேகலா ஜன்னலோரம். கவிஞர் எதிரே, இறங்குகிற படிக்குப் பக்கத்தில், எந்த நேரமும் ஓடிவிடத் தயாராக.

மேகலா சுற்றி வளைக்கவில்லை. "நீங்க என்னப் பாத்துதான் எழுதினீங்களா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. ஒரே பஸ்ஸுலதான் வந்தோம்."

"வந்தோம். ஆனா எனக்கு உன் மொகம்கூடச் சரியா ஞாபகம் இல்லம்மா. சத்தியமா. டைம் ஆபீஸ்ல கார்டு அடுக்கறப்ப பேரு பாத்தேன், அவ்ளோதான்." கவிஞர் கைகளைப் பிசைந்தார். "பாட்டு மாதனூருன்னு வந்துடுச்சு. அடுத்த சீருக்கு 'ம' வரிசையில ஒரு பேரு கெடச்சா நல்லா உக்காரும்னு தோணிச்சு. மாதனூரு, மேகலா, மனசு. அழகா உக்காந்துச்சு. மோனைக்காகப் போட்டேன்மா."

"எதுக்காக?"

"மோனை. வார்த்தைங்க ஒரே எழுத்துல ஆரம்பிச்சா காதுக்கு..."

"மோனை இன்னான்னு நானும் பத்தாவதுல படிச்சிருக்கேன்."

மேகலா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபப்படவும் இல்லை. ஏதோ ஒரு மூட்டையைத் தூக்கப் போய், அது காலியாக இருந்து, தடுமாறிவிட்ட மாதிரி ஒரு முகம்.

"நான் உனக்கு ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன்யா" என்றார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "ஒருநாள் மழையில எம் பக்கத்துல குடை வெச்சியே, தள்ளி வெய்யின்னு சொன்னேனே, அதுவோன்னு நெனப்பேன். ஒருவேள உனக்கு எம்மேல ஆசையோ, சொல்ல முடியலியோன்னுகூட நெனச்சுட்டேன். கர்மம். கடைசியில ஒரு எழுத்துக்கா?"

கவிஞர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, அவருக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தில் இறங்கினார். "பேர மாத்திடறேன்மா. இப்பவே. மாதனூரு... மாலதி. மாதனூரு மரகதம்..."

"யோவ், நிறுத்து!" மேகலா கத்தினார். குடியாத்தத்துத் தறிக்கூடத்தில் இருந்தாலும் கேட்டிருக்கும். "வேற ஒரு பொம்பள பேர அதுல போட்ட, நடக்கறதே வேற. மாதனூர்ல மாலதி இல்லன்னு நெனச்சியா? எங்க சித்தி பொண்ணே மாலதிதான்."

"அப்ப யாரப் போட்றது?"

"உன் பேரப் போடு. உனக்குந்தான் ஜோடி இல்ல. எந்த ஊரு நீ?"

"அணைக்கட்டு."

"அணைக்கட்டு கோதண்டம்னு போடு."

"என் பேரா? ஊரே சிரிக்கும்மா!"

"சிரிக்கட்டும். நான் பழகிட்டேன். நீயும் பழகு."

கவிஞர் விருட்டென்று எழுந்து இறங்கிப் போய்விட்டார். ஆனால் போகும்போது நான் ஒன்றைப் பார்த்தேன். அவருடைய வலது கைக் கட்டைவிரல், மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சீர் எண்ணிக்கொண்டிருந்தது.

போன் அணைக்கப்பட்டுள்ளது

அதன் பிறகு அவரைக் காணோம். போனும் அணைந்துவிட்டது. தம்பி வீட்டுக்குப் போனால், "அண்ணன் மாடியில படுத்திருக்காரு, யாரையும் பாக்க மாட்றாரு" என்றார்கள். திறப்பு விழா அழைப்பிதழ் எல்லோருக்கும் போய்விட்டது. தனசேகர் நாளுக்கு நாலு தடவை கூப்பிட்டு, "இன்னா மேடம் ஆச்சு?" என்றார். புரொஜெக்டர் ஒன்று சூடாகி நின்றுபோனது. மணலறைக்குள் பூனை ஒன்று வர ஆரம்பித்தது. எதற்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும். நான் இந்தத் தொழிலைவிட்டு லுங்கி விற்கப் போய்விடலாம் என்று நிஜமாகவே யோசித்தேன்.

பிறகு ஒருநாள் காலையில், கூடத்தைத் திறக்க வந்தால், கவிஞர் படியில் உட்கார்ந்திருக்கிறார். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் எரிச்சலோடு சொன்னார்:

"உக்காந்துடுச்சும்மா."

"எது ஐயா?"

"பாழாப்போன மோனைதான். ஆறு மணி, அஞ்சாவது, அணைக்கட்டு. முந்தி இருந்ததவிட நல்லா உக்காருது. தூங்க முடியல. மைக்கப் போடு, பாடித் தொலைக்கிறேன்."

மனசாட்சிக்காக வந்தாரா, மோனைக்காக வந்தாரா என்று நான் கேட்கவில்லை. அவராக ஏதாவது சொல்வதற்குள் மைக்கைப் போட்டுவிட்டேன்.

*ஆறு மணி பஸ்ஸுல*
*அஞ்சாவது சீட்டு*
*அணைக்கட்டு கோதண்டம் – உன்*
*மனசுக்கின்னா பூட்டு?*

பல்லவியைக் கம்பீரமாகப் பாடினார். சரணத்தில், 'கோதண்டத்துக்கு ஜோடி எங்கே' என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா" என்றார். "அப்பிடியே இருக்கட்டும்."

முதல் வண்டி

திறப்பு விழாவுக்குக் கூட்டம் அள்ளியது. முதலில் பஸ் ஏறியவர்கள் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள். மேகலாவும் கணவரோடு வந்திருந்தார். யார் சொல்லியும் அஞ்சாவது சீட்டில் உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் போய்விட்டார். கவிஞர் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சால்வையோடு நின்றார். நான் வெளியே பொத்தானை அழுத்தினேன். கதவு மூடியது. ஜன்னல்களில் சாலை ஓட ஆரம்பித்தது. தனசேகர் கண்கள் பனிக்க, "ஓடுது மேடம்" என்றார்.

பாட்டு வந்தது. நான் பயந்ததே நடந்தது. ஸ்பீக்கரில் கோதண்டம் கோதண்டம் என்று போய்க்கொண்டிருக்க, பஸ்ஸிலிருந்த முக்கால்வாசிப் பேர் பழக்கதோஷத்தில் 'மேகலா' என்றே பாடினார்கள். இத்தனை பாடுபட்டும் இதுதானா என்று பாட்டை நிறுத்தக் கையை நீட்டினேன்.

நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி திடீரென்று கையைத் தூக்கினார். "ஏய், வாய மூடிகினு கேளுங்கடி! அதுல அவரு பேரு வருது!"

கேட்டார்கள். பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு, பாதி பஸ் முழு பஸ் மாதிரி குலுங்கியது. "திரும்பப் போடு! திரும்பப் போடு!" போட்டேன். இந்தத் தடவை எல்லோருமாகக் கவிஞரைப் பார்த்து, கை தட்டி, விரல் நீட்டிப் பாடினார்கள். தட்டுத்தடுமாறிச் சில வாய்களில் மேகலாவும் வந்தாள். கம்மிதான்.

பாட்டு முடிந்து பின்பக்கக் கதவு வழியாக மேகலா இறங்கி வந்தார். நான் ஓடிப் போய், "மொதல்ல பழைய பேரையே பாடிட்டாங்கக்கா, மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"பாடுவாங்க. அவங்க வாயத் தெச்சா மூட முடியும்?" என்றார். பிறகு கணவரைக் காட்டி, பல்லைக் கடித்துக்கொண்டார். "சீட்டுக்கு அடியில அவ்ளோ பெரிய ஸ்பீக்கர வெச்சிட்டியா, மனுசனுக்கு இன்னிக்கித்தான் பாட்டு முழுசாக் காதுல வுழுந்திருக்கு. 'நல்லாதான்டி இருக்கு'ன்றாரு. வூட்டுக்குப் போயி வெச்சிக்கிறேன்."

அவர் கணவர் வெள்ளந்தியாகச் சிரித்தார். இருவரும் ஒடுகத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நடந்தார்கள். மேகலா திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை.

பஸ்ஸுக்குள் இருந்த மற்றவர்கள் இறங்குவதாக இல்லை. கவிஞரைச் சூழ்ந்துகொண்டு, ஜோடி எங்கே, ஜோடி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவர் கன்னத்தைக்கூடத் தட்டினார். கழுத்துச் சால்வை நழுவி, வேர்த்து விறுவிறுத்து, ஜன்னல் வழியாக என்னைக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினார் கவிஞர்.

"யம்மா, போதும்! முன் கதவத் தொறந்து வுடு, நான் எறங்கிக்கிறேன்!"

பொத்தான் என் கையில்தான் இருந்தது. தனசேகரைப் பார்த்தேன். வரிசையில் நிற்பவர்களையும் பின் கதவு வழியாக உள்ளே அனுப்பச் சொன்னேன்.